அளவெடுத்த முகமூடி

அத்தியாயம் 14

போன வாரம் பாப்பாவை இன்டர்வியூவுக்குக் கிளப்பி, செருப்பு மாட்டின காலோடு வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன் என்று உங்களில் பலருக்குக் கோபம். "ஒரு வாரம் பூரா ஒரு பொண்ணை நிக்க வைக்கிறது உங்களுக்கே நல்லாருக்கா?" என்று ஒரு அம்மாள் கேட்டிருக்கிறார். நல்லா இல்லைதான். ஆனால் அவள் அந்த வாசலிலேயே நின்றிருந்தால் தேவலாம் என்று இந்த வாரம் நீங்களே சொல்லப்போகிறீர்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆள் டாக்டர், வயது முப்பதை நெருங்குகிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மேல்படிப்பில் சேர்ந்தே தீருவேன் என்பது அவள் பிடிவாதம். கூடப் படித்ததுகளெல்லாம் இதயம், எலும்பு என்று கொழிக்கிற பக்கம் ஓடின. இவளோ பயிற்சிக் காலத்தில் ஒரு அம்மாளைப் பார்த்தாள். இடுப்பெலும்பு வலியில் ராப்பகலாக அலறிக்கொண்டிருந்தவள், கதிர்வீச்சு கொடுத்த சில நாளில் அக்கடா என்று குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையில் மயங்கி விழுந்தவள்தான் பாப்பா, இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் படிப்புக்கு அவர்கள் நகரத்தில் இருப்பது ஒரே ஒரு நிலையம். அதில் வருஷத்துக்கு ஒரே ஒரு இடம். ஒருவரை இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். போன வருஷம் இன்டர்வியூ அன்று காலையில் அப்பா தலைசுற்றி விழுந்தார். பாப்பா இன்டர்வியூவை விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினாள், இடம் வேறு யாருக்கோ போயிற்று. அப்பாவுக்கு அன்று ஒன்றுமே இல்லை. சாப்பிடாத மயக்கம்தான், மத்தியானமே எழுந்து காபி கேட்டார். அந்தக் காபி இன்றுவரை அவர் தொண்டையில் நிற்கிறது.

அதே தொண்டையில்தான் இந்த வருஷம் கட்டி வந்தது. சிகிச்சையும் அதே நிலையத்தில், தினமும் கதிர்வீச்சு. அப்பா ஒரு கண்டிஷன் போட்டார்: பாப்பா தன் மகள் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. "நாளைக்கு உனக்கு சீட்டு கிடைச்சா, அப்பனைக் காட்டி வாங்கிட்டான்னு பேசுவாங்க." அதனால் அவரைக் கூட்டிக்கொண்டு போவது அண்ணி. அம்மா போய்ப் பல வருஷமாகிறது, அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வீடு ஓடுவதே அண்ணியால்தான்.

அப்பா டெய்லர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

வாசலில் நின்ற பாப்பா திரும்பிப் பார்த்தாள். அப்பா தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், தைக்கவில்லை. வெள்ளைச் சட்டை உடம்போடு சிக்கென்று நின்றது. அவர் சட்டை என்றைக்குமே அப்படித்தான்.

"வரேம்ப்பா."

தலையாட்டினார்.

"ஏதாவது சொல்லுங்களேன். நல்லா பண்ணுன்னாவது சொல்லலாம்ல?"

தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார். கதிர்வீச்சில் வாயெல்லாம் புண், குரலும் கம்மிவிட்டது. பேசாமல் இருந்தது பாப்பாவுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

"முகம் தெளிஞ்சிருக்குப்பா. கன்னம்கூடக் கொஞ்சம் போட்டிருக்கு. பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன் பாத்தேன். நீ முதல்ல நடையைக் கட்டு. உனக்காக நிக்கிறதுக்கு அது என்ன உன் மாமியார் வீட்டு பஸ்ஸா?"

பாப்பா சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த பஸ்ஸில் அண்ணியும் அப்பாவும் கிளம்பினார்கள், அதே கட்டடத்துக்கு. ஒரே வீட்டில் புறப்பட்டு, ஒரே இடத்துக்குப் போகிறவர்கள், வழியில் பார்த்தால் யாரோ எவரோ மாதிரி இருக்க வேண்டுமாம். கேட்டால் கௌரவமாம்! எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, விடுங்கள்.

*

நிலையத்தின் அடித்தளத்தில் ஜன்னல் கிடையாது. காலையும் மாலையும் ஒரே குழல் விளக்கு வெளிச்சம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. நேற்று வந்தவர் இன்று வராவிட்டால் யாரும் விசாரிப்பதும் இல்லை.

மெஷின் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஓர் அலமாரி தெரியும். அதில் வரிசையாக முகமூடிகள். வெந்நீரில் போட்டால் துணி மாதிரி இளகும் ஒருவகை வலைத்தகடு அது. இளகினதை முகத்தில் போட்டு அழுத்தினால் நெற்றி, மூக்கு, தாடையெல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். தினமும் அதை மாட்டி, மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் தலை இம்மியும் நகராது. நகர்ந்தால் கதிர் கட்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாயும். பக்கத்தில் இருப்பது தண்டுவடம்.

அப்பாவுக்கு முகமூடி செய்த முதல் நாள், அவர் அதைக் கையில் வாங்கி உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று அண்ணி வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "நல்ல அளவு" என்றாராம், ஏதோ இன்னொரு டெய்லரின் வேலையைப் பாராட்டுவது போல.

இன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அடங்கவில்லை. குனிந்து குனிந்து இருமினார். கைக்குட்டையில் வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது.

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. சதைதான் பிய்ந்து வந்துவிட்டது என்று நினைத்தாள். அவர் அவசரமாக மடிக்கப் பார்த்த கைக்குட்டையைப் பிடுங்கினாள்.

பஞ்சு. எச்சிலில் ஊறி, ஓரத்தில் ரத்தம் பட்ட பஞ்சு உருண்டை.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு கன்னம் உப்பலாக இருந்தது. இன்னொரு கன்னம் குழியாக உள்ளே போயிருந்தது.

"மாமா! என்ன மாமா இது?"

அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"வாயைத் திறங்க. திறங்கன்னா திறங்க!"

திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி அவர் வாயைத் திறந்து, இன்னொரு பக்கத்துப் பஞ்சையும் எடுத்தார். அவ்வளவுதான், முகமே உள்ளே விழுந்துவிட்டது. காலையில் வாசலில் பார்த்த மனிதர் இல்லை இவர். அண்ணி பதறி அவர் தோளைப் பிடித்தாள், அங்கேயும் எலும்பு. சட்டையின் பக்கவாட்டில் கை பட்டபோது உள்ளே தடித்து மடிப்பு மடிப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பிடித்துத் தைத்த துணி. உடம்பு இளைக்க இளைக்க, யார் கண்ணிலும் படாமல் சட்டையையும் இளைக்க வைத்திருக்கிறார் மனுஷன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா." காற்றும் குரலுமாக வந்தது.

"எடை பாப்பாங்களே, அதுக்கு என்ன பண்ணினீங்க?"

அவர் கை தானாகப் பேன்ட் பையை மூடியது. அண்ணி அவர் பேன்ட் பையைத் தொட்டுப் பார்த்தாள். துணி வெட்டும் பெரிய இரும்புக் கத்தரிக்கோல் கனமாக உள்ளே கிடந்தது.

"ஐயோ ஐயோ! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்களே மாமா!"

அவர் துண்டு துண்டாகச் சொன்னார். முகமூடி தளர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, புதிதாக ஸ்கேன் எடுத்து, புதிதாகக் கணக்குப் போட்டு ஆரம்பிப்பார்களாம். வீட்டு மனிதர்களை வரவழைத்துப் பேசுவார்களாம். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் நடந்ததாம். பாப்பாவுக்குத் தெரிந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓடி வருவாள். போன வருஷம் மாதிரி.

"லூசான சட்டைக்கு உள்ளே பஞ்சு வெச்சுத் தூக்கி விடறதில்லையா? அதான். இன்டர்வியூ முடியிற வரைக்கும்னு நினைச்சேன்."

"படம் எடுத்துப் பாப்பாங்களே, அதுல தெரியாதா?"

"வாரத்துல ஒரு நாள்தான் எடுப்பாங்க. அன்னிக்கு வைக்க மாட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடாம கிடப்பேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனதைப் பார்த்து அண்ணிக்கு அழுகை வந்தது. அறையலாம் போலவும் வந்தது.

மெஷின் அறைக் கதவு திறந்தது. டெக்னீஷியன் பெண் எட்டிப் பார்த்து, "ஐயா, நீங்கதான்" என்றாள்.

அவர் பஞ்சுக்குக் கை நீட்டினார். அண்ணி கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"குடும்மா. இன்னிக்கு ஒரு நாள். அவ மேல உக்காந்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரம்தானே?"

"என்ன மாமா பேசறீங்க? அது என்ன அரிசி பருப்பா, ஒரு நாள் கூடக் குறைச்சலாப் போட்டா என்னன்னு கேக்கறதுக்கு?"

"உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

மாமனார் அப்படிச் சொன்னதும் அண்ணி ஆடிப்போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளைப் பார்த்து ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர். அவள் கேட்காமலேயே ஜாக்கெட்டுக்கு இன்னொரு தையல் போட்டுக் கொடுப்பவர். இரண்டு நிமிஷம், அவ்வளவுதான், அவள் சும்மா நின்றாள். பிறகு நேராகப் போய் டெக்னீஷியனிடம் பஞ்சைக் காட்டிவிட்டாள்.

அண்ணி செய்தது துரோகம் என்று சொல்லப்போகிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டில் அன்று புத்தியோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் ஒன்றை அவளும் யோசிக்கவில்லை. டெக்னீஷியன் போனை எடுத்து யாரைக் கூப்பிடுவாள்? அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரை. அந்த டாக்டர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்? மூன்றாவது மாடியில், பாப்பாவுக்கு எதிரே.

*

மூன்றாவது மாடியில் பாப்பாவுக்கு எல்லாம் வெண்ணெயாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஒரு திரையில் யாருடைய ஸ்கேனையோ காட்டி, கட்டியின் எல்லையை வரையச் சொன்னார்கள். கையைக் கொஞ்சம் அகல விட்டால் நல்ல சதை வேகும், கொஞ்சம் குறுக்கினால் கட்டி தப்பிக்கும். பாப்பா வரைந்ததைப் பார்த்துவிட்டு, எதற்கும் மசியாதவர் என்று பெயரெடுத்த துறைத் தலைவரே புருவத்தைத் தூக்கினார். அவருக்கு ஒருபுறம் கண்ணாடி போட்ட அம்மாள் டாக்டர். இன்னொரு புறம் கதிரின் அளவைக் கணக்குப் போடும் இயற்பியல்காரர். பாப்பா சொன்ன பதில்களுக்கு மூன்று பேரும் தலையாட்டினார்கள். வெளியே காத்திருந்த மற்றவர்களை நினைத்து அவளுக்கு லேசாகப் பாவமாகக்கூட இருந்தது. அவ்வளவு கிட்டே வந்துவிட்டது அந்த இடம்.

தலைவரின் போன் அடித்தது.

"இன்டர்வியூல இருக்கேன், என்ன அவசரம்?... என்னது, பஞ்சா?... வாய்க்குள்ளேயா?... எத்தனை நாளா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நிறுத்துங்க. இன்னிக்கு எதுவும் குடுக்காதீங்க. இதை முடிச்சிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சரி, புத்தகத்துல இல்லாத கேள்வி ஒண்ணு தானா வந்து சேர்ந்திருக்கு. தொண்டைக் கட்டி. சிகிச்சை பாதி தாண்டியாச்சு. ஆள் இளைச்சு முகமூடி தளர்ந்துபோச்சு. அது தெரியாம இருக்கிறதுக்காக ரெண்டு வாரமா ரெண்டு கன்னத்துலயும் பஞ்சு அடைச்சுக்கிட்டு வந்திருக்கார். பாத்தா முகமூடி நல்லாப் பொருந்தியிருக்கு. உள்ளே கழுத்து என்ன ஆட்டம் ஆடுச்சோ யாருக்குத் தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்க?"

பாப்பா யோசிக்கவே இல்லை. பதில் கடகடவென்று வந்தது. உடனே நிறுத்த வேண்டும். புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. வாராந்தரப் படங்களை நம்ப முடியாது, அவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். இதுவரை கொடுத்தது எங்கே போய் விழுந்திருக்கும் என்று திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டிக்குக் குறைவாகவும் தண்டுவடத்துக்கு அதிகமாகவும் போயிருக்கலாம். மூக்கு வழியாகக் குழாய் வைத்துச் சாப்பாடு.

இயற்பியல்காரர் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மாள் டாக்டர்.

"இல்லை மேடம். வீட்டுல இருக்கிறவங்களைக் கூப்பிட்டு நல்லாக் கேப்பேன். கண்ணு முன்னாடி ஒருத்தர் இப்படி இளைச்சிருக்கார், ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவர் முகத்தைக்கூடவா நிமிர்ந்து பாக்கலை? அவங்களுக்கெல்லாம் அப்படி என்னதான் வேலை?"

தலைவர் சிரித்தார். "நியாயம்தான். ஆனா ஆளு லேசுப்பட்டவர் இல்லை. டெய்லராம். தோளுக்குப் பஞ்சு வைக்கிற மாதிரி கன்னத்துக்கு வெச்சுட்டார். சட்டையைக்கூடப் பிடிச்சுப் பிடிச்சுத் தெச்சுக்கிட்டாராம், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு."

பாப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது.

டெய்லர். கன்னம்கூடக் கொஞ்சம் போட்டிருக்கு என்று காலையில் சொன்னது தன் குரல்தானா என்று இருந்தது. நகரத்தில் டெய்லருக்கா பஞ்சம், தொண்டைக் கட்டியும் எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்று மனசு நொண்டி நொண்டி ஓடப் பார்த்தது. ஓட முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டது, எதிரே அப்பா டம்ளரோடு உட்கார்ந்திருந்தது, அந்த டம்ளர் காலியாயிற்றா என்று ஒரு நாளாவது பார்க்காதது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

அம்மாள் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "படிப்பு தெரியுது. பேசத் தெரியுதான்னு பாக்கணும். நான் அந்த டெய்லரோட பொண்ணுன்னு வெச்சுக்குங்க. உங்க முன்னாடி வந்து உக்காந்து கேக்கறேன்: எங்கப்பா பொழைப்பாரா டாக்டர்?"

பாப்பா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இயற்பியல்காரர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பதற்றம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

"நிதானமாச் சொல்லுங்க," என்றார் தலைவர்.

பாப்பா அம்மாள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "உங்கப்பாவுக்குக் குணமாகிற வாய்ப்பு நேத்து வரைக்கும் நல்லாவே இருந்ததுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அது இப்ப குறைஞ்சிருக்கு. எவ்வளவுன்னு கணக்குப் போட்டாத்தான் தெரியும். ஆனா குறையலைன்னு நான் சொன்னா அது பொய். மறுபடி ஆரம்பிப்போம். இன்னும் கதவு மூடலை."

"அவரு ஏன் டாக்டர் இப்படிப் பண்ணினார்?" அம்மாள் டாக்டர் நடிப்பை விடவில்லை. கை தேர்ந்தவர்.

"உங்களுக்காகத்தான்." பாப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது. "நீங்க படிச்சுக்கிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நினைச்சிருக்கார்."

அம்மாள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது எங்கப்பா மேடம். காலையில முகம் தெளிஞ்சிருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தலைவர்தான் தொண்டையைச் செருமினார்.

"எங்கிட்ட வைத்தியம் பாக்கிறவரோட பொண்ணுன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். தெரிஞ்சிருந்தா நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்க மாட்டேன். இந்த இன்டர்வியூவைக் கணக்குல எடுக்க முடியாது."

"சார், அந்தப் பொண்ணு வரைஞ்சது..." என்று ஆரம்பித்தார் இயற்பியல்காரர்.

"முடியாதுன்னா முடியாது. நாளைக்கு வெளியே நிக்கிற மத்தவங்க கேட்டா என்ன பதில் சொல்லுவோம்?"

சிபாரிசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்பா வாயை மூடச் சொன்னார். மூடின வாயே வம்பாகி வந்து நின்றது. பாப்பாவுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவள் அதற்குள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். லிப்டுக்கு நிற்க அவளால் முடியவில்லை.

*

அப்பா ஓரத்து அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாப்பா வாசலுக்கு வந்ததும் அண்ணி எழுந்து எதிரே வந்தாள்.

"பாப்பா, நான்தான் சொல்லிட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு, அவரை ஒண்ணும் சொல்லாதே."

"நீங்க சொல்லலைன்னா யார் அண்ணி சொல்லியிருப்பாங்க? நானா?" அவள் அண்ணியின் கையை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

பஞ்சு இல்லாத அந்த முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா. "கேட்டதுக்கெல்லாம் சொன்னியா?"

"சொன்னேம்ப்பா."

"சீட்டு?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். துறைத் தலைவர் வந்து நின்றார். மேலே இருந்த விறைப்பு இப்போது அவரிடம் இல்லை. நோயாளியை நலம் விசாரித்தார், திட்டவில்லை. புது முகமூடி எப்போது, ஸ்கேன் எப்போது என்று விளக்கினார். பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மத்தவங்களோடது முடிஞ்சதும், மூணு மணிக்கு வேற குழு உங்களை மறுபடி பாக்கும். நான் அதுல இருக்க மாட்டேன். கேள்வியும் வேற. இன்னிக்கே பட்டியலை மூடியாகணும், நாளைக்குன்னு தள்ள முடியாது. உங்க நிலைமை எனக்குப் புரியுது. வரலைன்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா வரலைன்னா வரலைதான்."

"நான் வரலை சார்," என்றாள் பாப்பா.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்லை."

அப்பாவின் விரல்கள் அவள் கைக்குள் அசைந்தன. "பாப்பா."

"நீங்க பேசாதீங்கப்பா. தொண்டைக்கு ஆகாது."

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லு. நான் கெடுத்துக்கிட்டேனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. சரி பண்ணிடலாம்."

"நீ டாக்டரா சொல்லு. பொண்ணா சொல்லாதே."

பாப்பா தலைவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மாடியில் கண்ணாடி போட்ட அம்மாளுக்கு எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! அதில் பாதிகூட இப்போது நாக்கில் வர மறுத்தது.

"கொஞ்சம் கெட்டிருக்குப்பா," என்றாள் கடைசியில். சொன்னதும் உடைந்துபோனாள். "ரெண்டு வாரம் சரியாப் போய்ச் சேரலை. கட்டிக்குத் தெம்பு வந்திருக்கலாம். ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க? உங்க உயிரைக் குடுத்து வாங்கற சீட்டு எனக்கு எதுக்குப்பா? எனக்கு வேணாம். எனக்கு அது வேணவே வேணாம்."

அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அவருக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு நாளாகவோ மனசுக்குள் போட்டுப் பார்த்து முடித்துவிட்ட கணக்கு போலிருக்கிறது.

"வெட்டியாச்சேம்மா," என்றார். "வெட்டின துணியை இப்ப வேணாம்னா, எந்தக் கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான்?"

அவர் தன் கையை அவள் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் போகவில்லை, வாசலிலேயே நின்றார்.